அப்பமாவில் ஊற்றிய வெள்ளை வைன்

1

முந்திரிகைக் குலை வெட்டு முடிந்து, எங்கள் ஊர் மலைச்சரிவில் திராட்சைக் கொடியெல்லாம் மஞ்சளாகி, மழையும் பிடித்துக்கொண்டது. இந்த மழையோடு நான் ஜேர்மனிக்கு வந்து ஒன்பது வருடம். எங்கள் ஊர் என்றதும் மன்னார்க் கரையில் இருக்கிற நம் அரிப்பு என்று நினைத்திருப்பீர்கள். இது மோசல் ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊர். வாய் தவறி வந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் வாயும் களைத்துப்போகிறது.

நான் மதலேனா, அரிப்புச் சூசையின் பெண்சாதி. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் றீட்டா எழுதுகிறாள். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் கிழடுகளைத் தூக்கிக் குளிக்கவார்த்துவிட்டு வந்து, காலைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறாள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவள். நான் 'வந்தனான்' என்றால் 'வந்தேன்' என்று போடுகிறாள். போடட்டும். வெளியே போகிற பேச்சுக்கு ஒரு நல்ல சட்டை இருந்தால் குற்றமில்லை.

நம்முடைய பங்குச் சுவாமியார் அனுப்பிய கடிதத்தை றீட்டா வாசித்துக் காட்டினாள். அரிப்புச் சனம் இப்போது அரிப்பில் இல்லையாம். நானாட்டான் பக்கம் பள்ளிக்கூட வகுப்பறைகளில் பாயும் சட்டியுமாக இருக்கிறீர்களாம். என் தங்கச்சியும் அங்கேதான். கடல் மறுபடியும் பூட்டாம், தொழிலுக்கு இறங்க ஆமி விடாதாம். பங்குப் பத்திரிகை மட்டும் கைக்குக் கை மாறி எல்லாரிடமும் போகிறதாம். "குண்டும் செல்லும் விழுந்த கதையைத் தவிர வேறு எதையாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கோ" என்று சுவாமியார் கேட்டிருந்தார்.

சரி, நான் நண்டுக் கறியின் கதையைச் சொல்கிறேன். நேற்று, சனிக்கிழமை நடந்தது.

2

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் மூன்று கிழமையாக ஒட்டியிருக்கிறது. மீன் மாதிரி ஒரு காந்தம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடியில் இரண்டு கோடு. ஒன்று தகப்பன் கையெழுத்து வைக்க, மற்றது தாய் வைக்க. என் பேத்தி ஷெரினுக்குப் பதினாறு வயது. ஆற்றுக்கு மேலே இருக்கிற முந்திரிகைத் தோட்டத்தில் மூன்று வருடம் வேலை பழகி, வைன் செய்கிற படிப்புப் படிக்கப் போகிறாளாம். அதற்குச் சம்மதம் கேட்கிற தாள். திங்கட்கிழமைக்குள் அது போகாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்கு.

என் மகன் யூட் தாளைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டான்.

"கள்ளுக்கொட்டில் நடத்தவோ உன்னை இஞ்ச பெத்து வளர்த்தனான்?"

"அப்பா, கொட்டில் எண்டா என்ன?" என்று அவள் கேட்டாள். தெரியாமல்தான் கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளை. தமிழில் பாதி எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும். யூட் பதில் சொல்லாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அவன் இருமல் மருந்து குடிப்பதென்றாலும் போத்தலைத் திருப்பி, அதில் வெறி ஏதும் கலந்திருக்கிறதா என்று வாசித்துவிட்டுத்தான் குடிப்பான். அந்த மாதிரி ஆள்.

றீட்டா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளை மருந்துக்கடைப் படிப்புப் படிக்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. "தமிழ்ச் சனம் என்ன சொல்லும் மாமி" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். இப்போது இதை எழுதும்போது தலையைக் குனிந்துகொள்கிறாள். எழுது பிள்ளை, நான் குறையாகச் சொல்லவில்லை.

நான் கையெழுத்து வைக்க முடியுமென்றால் அன்றைக்கே வைத்திருப்பேன். ஆனால் என் கையெழுத்தைப் பற்றி இந்த நாட்டு அரசாங்கக் கந்தோரில் கேட்டால் சிரிப்பார்கள். வந்த புதிதில் பத்து விரலையும் மையில் தோய்த்து ஒற்றிக்கொடுத்தேன். பிறகு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், சிலுவை போட்டேன். அந்தப் பெண் சிலுவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இது கையெழுத்து ஆகாது என்றாள். யூட் என் பெயரை ஒரு படம் மாதிரி வரைந்து தந்தான். கோலம் போடப் பழகுகிற மாதிரி இரண்டு மாதம் பழகினேன். இப்போது விசா புதுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படத்தைக் கீறிக்கொடுத்துவிட்டு, "டாங்கே, டாங்கே" என்று நன்றி சொல்லிவிட்டு வருகிறேன். ஒரு தரம் அவர்கள் ஆறு மாதம் குறைத்துத் தந்ததற்கும் டாங்கே சொன்னேனாம். யூட் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

தோட்டக்காரர் வேறு யாருமல்ல, இங்ரிட்டும் அவளுடைய புருஷன் வெர்னரும். கோவிலில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருக்கிறவள் இங்ரிட். நான் செபமாலையைத் தமிழில் சொல்லுவேன், அவள் ஜேர்மனில் சொல்லுவாள், மணி மட்டும் சேர்ந்து நகரும். அப்படி வந்த சிநேகிதம். அவளுக்கும் முழங்கால் நோ. இரண்டு பேரும் முழங்காலைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தால் போதும், ஒரு மணித்தியாலம் கதைத்த மாதிரி.

"அவையளைச் சாப்பிடக் கூப்பிடுவம் அப்பம்மா. அப்பா ஒருக்கா அவையளோட இருந்து சாப்பிட்டா விளங்கிக்கொள்ளுவார்" என்று ஷெரின் சொன்னாள். "நீங்கள் நண்டு சமைக்கவேணும். நல்ல உறைப்பா. வெர்னரிட்ட ஒரு வெள்ளை வைன் இருக்கு, அது உறைப்புக்கெண்டே செய்த மாதிரி."

"உறைப்புக்கும் வைனுக்கும் என்னடி?"

சிவப்பு வைனை மிளகாய்க்கு மேல் குடித்தால் வாய் இரண்டு மடங்கு எரியுமாம். வெள்ளையிலும் புளிப்பும் வெறியும் கூடினது சரிவராதாம். கொஞ்சம் இனிப்பு நிற்கவேண்டும், வெறி குறைய இருக்கவேண்டும், குளிராக இருக்கவேண்டும். அப்போதுதான் நாக்கு ஆறுமாம், அடுத்த வாய்க்குக் கை போகுமாம். பிள்ளை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், கண் மினுங்கிற்று. நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். ஏனென்றால் அது முழுவதும் எனக்கு முதலே தெரியும்.

3

எப்படித் தெரியும் என்று அரிப்புச் சனம் கேட்காது. நான் கள்ளு விற்ற கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வீட்டில்தான் ஒருவருக்கும் சொன்னதில்லை. றீட்டாவின் பேனை இப்போதே நிற்கிறது.

"மாமி, கள்ளு வித்தவ எண்டு சொல்லுறியளோ? நீங்களோ?"

ஓம் பிள்ளை, நான்தான். எழுது.

முதல் தரம் கடலைப் பூட்டின காலம். வள்ளங்களெல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன. எங்கள் வள்ளத்துக்குக் கீழே ஒரு நாய் குட்டி போட்டது, இரண்டாம் தரமும் போட்டது, வள்ளம் அசையவில்லை. சூசை அதற்கு முந்தின வருடமே வயிற்றுக் காய்ச்சலில் போய்விட்டார். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மூன்று நாளாகப் பாதை திறக்கவில்லை. நானும் மூன்று பிள்ளைகளும் மிஞ்சினோம். மூத்தவன் யூட்.

பனையில் கள்ளிறக்குகிற சீவல்கார மரியான்தான் வந்து சொன்னான்: "கள்ளுத் தவறணையும் பூட்டியாச்சு அக்கா. மரத்தில இறக்கிறதை நான் எங்க கொண்டுபோய் ஊத்துறது? உங்கட வீட்டு வளவுக்கை வைச்சு வித்துப் பாருங்கோவன்." மீன்காரர் கரையோரம் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நாட்கள். பின்வளவில் ஒரு ஓலைத் தட்டியைக் கட்டினேன்.

நான் குடிக்கிறவள் இல்லை. மூக்கால்தான் பழகினேன். காலையில் இறக்கியது இனிப்பு. மத்தியானம் அதற்குள் ஒரு துடிப்பு வரும். பின்னேரம் நெற்றி சுருங்குகிற புளிப்பு. கடலில் இறங்காமல் கரையோரக் களங்கட்டி வலையில் பிடித்த நண்டை மிளகாய்த் தூள் போட்டு முருங்கையிலையோடு பிரட்டி வைப்பேன். அதைத் தின்கிறவனுக்குப் பின்னேரக் கள்ளை ஊற்றினால் வாய் எரிந்து, வாய் எரிந்தவன் பக்கத்தில் இருக்கிறவனை ஏசி, கடைசியில் கைகலப்பில் முடியும். அதனால் காலைக் கள்ளில் ஒரு மண் முட்டியை ஈர மணலில் புதைத்து வைத்திருந்து, நண்டு தின்கிறவனுக்கு அதைக் கொடுப்பேன். புளித்தது பொரித்த சூடை மீனுக்கு. என் வளவில் ஒரு நாளும் சண்டை நடந்ததில்லை என்பதற்கு இன்னும் உயிரோடு இருக்கிற சிலர் சாட்சி. பெயர் சொல்லமாட்டேன், பேரப்பிள்ளைகள் வாசிப்பார்கள்.

ஆமிக்காரரும் வந்தார்கள். வாங்கில் இருந்து குவளையை நீட்டினார்கள். ஊற்றினேன். அடுத்த நாள் அவர்களோடு சண்டைபிடிக்கிற இயக்கப் பொடியள் வந்து கேட்டார்கள்.

"ஆமிக்கு ஏனணை ஊத்தினீங்கள்?"

"துவக்கோட வந்து கேட்டவனுக்கு இல்லை எண்டு சொல்ல நான் ஆர் தம்பி? நீங்களும் துவக்கோடதானே நிக்கிறியள்."

துவக்கை மடியில் வைத்துக்கொண்டு அதே வாங்கில் இருந்தார்கள். பிறகு, நண்டு இருக்கோ என்று கேட்டார்கள். தின்றுவிட்டுப் போனார்கள்.

யூட்டுக்கு அப்போது பதின்மூன்று வயது. பூசைக்கு உதவி செய்கிற பிள்ளை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் யாரோ 'ஆமித் தவறணை' என்று எழுதி, அதற்குக் கீழே இவன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தான். புத்தகத்தை வைத்தான். மணலில் புதைத்திருந்த முட்டியைக் கிளப்பி, கிணற்றுக் கட்டில் அடித்து உடைத்தான். கத்தவுமில்லை, அழவுமில்லை. நான் உடைந்த ஓட்டைக் கூட்டி அள்ளினேன். அடுத்த நாள் ஒரு பிளாஸ்ரிக் கான் வாங்கினேன். அது உடையாது.

அவன் அந்தக் கானைப் பார்த்துக்கொண்டுதான் படித்து முடித்தான், கொழும்புக்குப் போனான், இங்கே வந்தான், என்னையும் எடுப்பித்தான். ஒன்பது வருடம் அவனுடைய சோற்றைச் சாப்பிடுகிறேன். அவனுக்கும் எனக்கும் இடையில் கள்ளு என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. அந்தத் தாள் வரும்வரை.

4

சனிக்கிழமை றீட்டாவுக்கு வேலை. அதனால்தான் அவள் நடந்ததைப் பார்க்கவில்லை, நான் முழுவதும் சொல்லவேண்டியிருக்கிறது.

தமிழ்க் கடையில் வாங்கிய ஐஸ் நண்டு. நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். செத்து எத்தனை மாதமோ, காலெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தது. அதை நண்டு என்று நம்பிச் சமைக்கவே ஒரு விசுவாசம் வேண்டும். ஊர்த் தூள் இருந்தது, முருங்கையிலை காய்ந்தது இருந்தது. கறி பழுதில்லை.

வருகிறவர்களுக்கு அப்பம் சுடலாம் என்று அரிசியை அரைத்து வைத்தேன். ஈஸ்ட் இருந்த ரின்னைத் திறந்தால் வெறும் தகரம். கடைக்குப் போக மழை, முழங்கால், பாஷை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். அங்கே வெர்னர் முதல்நாளே ஷெரினிடம் கொடுத்துவிட்ட வெள்ளை வைன் நின்றது. முறுக்கு மூடி. திறந்து மணந்து பார்த்தேன். என்ன சொல்ல! மரியான் காலையில் இறக்கிக்கொண்டு வருகிற முட்டிதான். பதம் பார்க்க ஒரு வாய் குடித்தேன். இனிப்பு நிற்கிறது, துடிப்பும் நிற்கிறது.

அப்பமாவுக்குக் கள்ளுத்தானே விடுகிறது. ஈஸ்ட் எல்லாம் இங்கே வந்து பழகின பழக்கம். ஒரு கோப்பைதானே என்று விட்டேன். மூடி, வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன். மா அசையவில்லை. குளிர் நாட்டுச் சாமான், வேகம் குறைவாக இருக்கும் என்று இன்னொரு கோப்பை விட்டேன். இரண்டு மணித்தியாலம். ஒரு குமிழி இல்லை. சரி, இனி விட்டதுக்கு விடத்தான் வேண்டும் என்று மிச்சத்தையும் ஊற்றினேன். பிறகு இன்னும் ஒரு வாய், போத்தலின் அடியில் நின்றதை வீணாக்காமல். மா குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. போத்தலைக் கழுவி, கண்ணாடிப் போத்தல் போடுகிற பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இங்ரிட் வீட்டில் அந்த மாதிரி ஆயிரம் நிற்கும் என்பதுதான் என் எண்ணம். ஒரு போத்தலை அவர்கள் தேடித் தெரிந்தெடுத்து அனுப்புவார்கள் என்று நான் எங்கே கண்டேன்?

5

ஆறு மணிக்கு வந்தார்கள். யூட் வெள்ளைச் சட்டை போட்டு, கதிரையின் நுனியில் இருந்தான். கந்தோரில் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிறவன் மாதிரி. ஷெரின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தாள். வெறும் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

வந்தவர்களுக்கு விளங்கக்கூடாது என்று தமிழில் பேசினாள். ஆறு மாதத்துக்குப் பேசாத தமிழை அந்த ஒரு நிமிடத்தில் பேசி முடித்தாள்.

"நீங்கள்தான் ஊத்தினது! எனக்குத் தெரியும் அப்பா. வாயால சொல்லுறேல்லை. பேசாம இருந்திட்டு, பிறகு எல்லாத்தையும் உடைக்கிறது!"

பிள்ளைக்கு முட்டியின் கதை தெரியாது. கோபத்தில் வந்த சொல். ஆனால் யூட்டின் முகம் வெளிறிப்போனது. "நான் தொடவே இல்லை" என்றான். என்னைப் பார்த்தான். அது பதின்மூன்று வயதுப் பார்வை. கிணற்றுக் கட்டடியில் பார்த்த அதே பார்வை.

"கத்தாதை பிள்ளை. நான்தான் ஊத்தினனான்."

"எங்க ஊத்தினீங்கள்?"

"அப்பமாவுக்கை."

"முழுப் போத்திலையுமோ?"

"முழுக்க இல்லை. ரெண்டு வாய் எனக்குள்ளையும் போனது."

ஷெரின் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜேர்மனில் சொன்னாள். வெர்னர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அவர் சொன்னதை ஷெரின் எனக்குச் சொன்னாள். இந்த வைன் வடிகட்டினதாம். மாவை எழுப்புகிற உயிரை முதலே எடுத்துவிட்டார்களாம். ஐந்து போத்தல் விட்டிருந்தாலும் எழும்பாதாம். "உயிரை எடுத்திட்டு ஏன் குடிக்கிறது?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். காருக்குப் போய் இன்னும் இரண்டு போத்தல் கொண்டுவந்தார்.

அப்பம் அப்பமாக வரவில்லை. தட்டையாக, தோசை மாதிரி வந்தது. ஆனால் ஒரு வாசம். வெர்னர் ஆறு தின்றார். முதல் வாய் நண்டுக்கு அவர் முகம் எங்கள் மாதா கோவில் கொடி மாதிரிச் சிவந்தது, கண்ணீர் வழிந்தது. தண்ணீரை எடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து, வைன் கிளாஸை நகர்த்தி வைத்தேன். குடித்தார். மெல்ல மூச்சு விட்டார். கை மறுபடி நண்டுக்குப் போனது.

இங்ரிட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ கேட்டாள்.

"எந்த நேரம் குடுக்கவேணும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறா அப்பம்மா" என்றாள் ஷெரின்.

நான் யூட்டைப் பார்த்தேன். "சும்மா ஒரு பழக்கம் எண்டு சொல்லு" என்றேன்.

அப்போதுதான் யூட் வாயைத் திறந்தான். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு ஜேர்மனில் மெதுவாகப் பேசினான். எனக்கு இரண்டு சொல்தான் பிடிபட்டது. அம்மா. அரிப்பு. நெடுநேரம் பேசினான். இங்ரிட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நான் ஷெரினின் கையைத் தட்டினேன்.

"என்னடி சொல்லுறான்?"

"அப்பா சொல்லுறார்..." பிள்ளைக்குத் தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. "நீங்கள் கள்ளு வித்துத்தான் தங்களைப் படிப்பிச்சனீங்களாம். நீங்கள் ஊத்தின இடத்தில சண்டை நடக்கிறேல்லையாம். தான் அந்த முட்டியை உடைச்சவராம். நீங்கள் அடிக்கேல்லையாம், ஏசவும் இல்லையாம். ஏசியிருந்தாத் தனக்கு லேசா இருந்திருக்குமாம்."

வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு அப்போது கைதான் வேலை செய்தது. நண்டுக் காலொன்றை எடுத்து உடைத்து, சதையை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

அவன் போத்தலை எடுத்து என் கிளாஸில் பாதிக்கு ஊற்றினான். "குடியுங்கோ அம்மா." தனக்கும் கொஞ்சம் ஊற்றி, உதட்டில் வைத்துப் பார்த்தான். "எனக்குப் பிடிக்கேல்லை" என்று தமிழில் சொன்னான். பிடிக்காதுதான். எல்லாருக்கும் எல்லாம் பிடிக்கவேண்டும் என்று சட்டமில்லை. எழும்பிப் போய், மீன் காந்தத்தை எடுத்துவிட்டு, தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். கையைச் சரியாகத் துடைக்கவில்லை. தாளின் மூலையில் நண்டுக் குழம்பு பட்டுவிட்டது. கந்தோரில் இதை எடுப்பார்களா என்று ஷெரின் கேட்டாள். என் சிலுவையை விட இது பரவாயில்லை என்றேன்.

6

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, பாத்திரம் கழுவி, தங்கச்சிக்கு நாலு தரம் போன் எடுத்தேன், கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெண் சிங்களத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நானாட்டானில் மழையோ, வகுப்பறைக்குள் தண்ணீர் வந்ததோ தெரியாது. கவலைப்பட்டுக் கவலைப்பட்டு, கவலையும் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. பின்னேரமானால் அதுவும் உடம்பை உளைய வைக்கிறது. இந்தப் பத்திரிகை உங்களிடம் எத்தனை ஆமிக் காவல் சென்றியைத் தாண்டி வரவேண்டுமோ. வந்து சேர்ந்தால், மரியான் உயிரோடு இருந்தால், அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆற்றங்கரையில் வெள்ளைக்காரர் வடித்து வைப்பது அவன் காலையில் இறக்கியதுக்குக் கிட்டத்தான் வரும், அதற்கு மேலே இல்லை என்று மதலேனா சொன்னதாகச் சொல்லுங்கள்.

றீட்டாவின் சுடுதண்ணீர் ஆறிவிட்டது. காலை இன்னும் எடுக்கவில்லை. கள்ளுக் கதையில் நின்ற பேனை பிறகு நிற்காமல் எழுதிற்று, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணை இரண்டு தரம் துடைத்தாள். களைப்பு என்கிறாள். இருக்கும். குழம்பு பட்ட அந்தத் தாளும் இதே மேசையில்தான், அவள் முழங்கைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. யூட்டின் பெயர் ஒரு கோட்டில் இருக்கிறது. தாய் வைக்கவேண்டிய மற்றக் கோடு வெறுமை. ஷெரின் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி இருக்கிறாள். விடிந்தால் திங்கட்கிழமை.

"மாமி, இனிக் காணும், நிப்பாட்டுவம். கை உளையுது" என்கிறாள் றீட்டா.

ஓம் பிள்ளை, எனக்கும் வாய் உளைகிறது. இன்னும் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அதை இந்தத் தாளில் எழுதாதே. பக்கத்தில் கிடக்கிற தாளில் எழுது. உன் பெயரை.